வளர்ப்பதா, ஒட்டுவதா? ஒப்பனைத் தொடர்ச்சிக்கு எந்த வழி எப்போது உதவும்

நாயகன் வாசற்கதவைத் திறந்து வீட்டுக்குள் நுழைகிறான். திரையில் இது மூன்று வினாடி. வாசல், தேனிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஜனவரியில் எடுத்தது. உள்ளே இருக்கும் கூடம் சென்னையில் போட்ட செட், மார்ச்சில் எடுத்தது. வாசற்படியில் ஒரு காலை வைத்தவன் அடுத்த காலை வைப்பதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது. அதற்குள் நடிகர் ஊருக்குப் போய் வந்திருப்பார், வெயிலில் கறுத்திருப்பார், தலைமுடி இரண்டு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கும். படம் பார்ப்பவருக்கு இவற்றில் ஒன்றும் தெரியக் கூடாது. இதற்காகப் படும் பாட்டைத்தான் படப்பிடிப்பில் கன்டினியுட்டி என்கிறோம். இங்கே தொடர்ச்சி என்றே எழுதுகிறேன்.

ஒப்பனைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பதினான்கு ஆண்டுகளாகப் படப்பிடிப்புகளுக்கும் மேடை நாடகங்களுக்கும் போய்வருகிறேன். முதல் படம் எடுக்க வருகிற இளைஞர்கள் பெரும்பாலும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “தாடியை வளர்க்கச் சொல்லலாமா, ஒட்டிக்கொள்ளலாமா? எது இயற்கையாக இருக்கும்?” நான் திருப்பிக் கேட்பது, “இதே தாடி நாற்பதாவது நாளும் வேண்டுமா?” என்பது. ஒப்பனை நன்றாக இருப்பது ஒரு தகுதி. மறுபடியும் அப்படியே வருவது இன்னொரு தகுதி. இரண்டும் எப்போதும் ஒரே பொருளில் அமைவதில்லை. தொடர்ச்சி என்று வந்துவிட்டால் நான் இரண்டாவதன் பக்கம்தான்.

பேச்சுக்கு ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். 45 நாள் படப்பிடிப்பு, மூன்று ஷெட்யூல், அதாவது இடைவெளி விட்டு மூன்று கட்டம். நாயகனுக்கு மூன்று தோற்றங்கள்: மழித்த முகம், ஒரு வாரத் தாடி, சிறையிலிருந்து வரும்போது மூன்று மாதத் தாடி. எந்த வழி என்று பேசுவதற்கு முன்பே திரைக்கதையைக் கதைநாள் வாரியாகப் பிரித்துவிட வேண்டும். காட்சி 12, 13, 40 மூன்றும் கதையில் ஒரே நாளில் நடக்கலாம். காட்சி 14-க்கும் 15-க்கும் நடுவில் இரண்டு மாதம் போயிருக்கலாம். தாடியின் நீளமும் காயத்தின் நிறமும் கதைநாளுக்குக் கட்டுப்பட்டவை, படப்பிடிப்புத் தேதிக்கு அல்ல. இந்தப் பட்டியல் கையில் இல்லாமல் எடுக்கிற முடிவு எதுவும் நிற்காது.

தாடி

முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். அப்படியானால் ஒரு வாரத் தாடி இரண்டு, மூன்று மில்லிமீட்டர். மூன்று மாதத் தாடி மூன்று சென்டிமீட்டர். சொந்தத் தாடிக்கு நிகராகக் கேமரா முன்னால் எதுவும் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். தோலிலிருந்து முளைக்கிறது, வியர்வைக்கு அசையாது, நடிகர் சாப்பிடலாம், அழலாம், தண்ணீருக்குள் குதிக்கலாம், கன்னத்தில் அறை வாங்கலாம். 4கே கேமராவில் முகத்தை நெருங்கிப் போனாலும் கவலை இல்லை.

ஆனால் அது ஒரு திசையில் மட்டும் போகும் வண்டி. கத்தரித்தால் குறையும், திரும்ப வேண்டுமென்றால் காத்திருக்க வேண்டும். அதனால் சொந்தத் தாடியை நம்புகிறவர்கள் படப்பிடிப்பையே தலைகீழாகத் திட்டமிட வேண்டியிருக்கும்: மூன்று மாதத் தாடிக் காட்சிகள் முதலில், பிறகு டிரிம்மர் போட்டு ஒரு வாரத் தாடி, கடைசியில் மழித்த முகம். இடத்துக்கும் மற்ற நடிகர்களின் கால்ஷீட்டுக்கும் இந்த வரிசை ஒத்துவர வேண்டுமே! 2000-இல் வெளிவந்த ‘காஸ்ட் அவே’ படத்துக்காக டாம் ஹாங்க்ஸ் எடையைக் குறைத்து முடியையும் தாடியையும் வளர்ப்பதற்குப் படப்பிடிப்பை ஓராண்டு நிறுத்திவைத்தார்கள். அந்த இடைவெளியில் இயக்குநர் ராபர்ட் ஜெமெக்கிஸ் இன்னொரு படத்தையே எடுத்து முடித்தார். நம் 45 நாள் படத்துக்கு அந்த வசதி ஏது?

ஒரே நீளத்தில் நிறுத்திவைப்பதும் வேலைதான். பத்து நாள் ஷெட்யூல் முழுவதும் ஒரே கதைநாள் என்றால், முதல் நாள் தாடி பத்தாம் நாளில் மூன்று மில்லிமீட்டர் கூடியிருக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை அதே டிரிம்மர், அதே எண் சீப்பு. கழுத்தில் தாடி முடியும் கோடு குரல்வளைக்கு எத்தனை விரல் மேலே என்பதையும் எழுதிவைக்க வேண்டும். ஏனென்றால் கைமாறினால் முதலில் மாறுவது அந்தக் கோடுதான். நீளத் தாடியைக் கத்தரித்து உண்டாக்கிய ஒரு வாரத் தாடி, தானாக வளர்ந்த ஒரு வாரத் தாடியைவிடச் சீராகத் தெரியும். தோட்டத்து வேலி வெட்டியதுபோல. ஓரங்களைக் கத்தரிக்கோலால் சற்றுக் கலைத்துவிட்டால் சரியாகும். மூன்று மாதத் தாடியை மழிக்கும் நாளில் இன்னொன்று காத்திருக்கும்: தாடிக்குக் கீழே இருந்த தோல் வெளிறியும் கன்னம் வெயிலில் கறுத்தும், முகம் இரண்டு நிறமாக இருக்கும். பூச்சில்தான் இரண்டையும் சேர்க்க வேண்டும். மழித்த முகமும் மாலைக்குள் பச்சை பாய்ந்துவிடும். மதிய உணவு இடைவேளையில் இன்னொரு சவரம், அதன்மேல் மெல்லிய ஆரஞ்சுப் பூச்சு, பிறகுதான் முகத்தின் நிறம்.

எல்லாம் முடிந்த பிறகுதான் பெரிய ஆபத்து. எடிட்டிங் மேசையில் உட்கார்ந்த பிறகு இரண்டு ஷாட் குறைகிறது என்று கண்டுபிடிப்பார்கள். பேட்ச் ஒர்க் என்று அழைப்பு வரும். நடிகர் அதற்குள் அடுத்த படத்துக்காக வேறு தோற்றத்துக்குப் போயிருப்பார். ‘ஜஸ்டிஸ் லீக்’ படத்தின் மறுபடப்பிடிப்புக்கு ஹென்றி கேவில் வந்தபோது இன்னொரு படத்துக்காக வளர்த்த மீசையோடு வந்தார். அதை எடுக்க அந்தப் படக்காரர்கள் ஒப்பவில்லை. கணினியில் மீசையை அழித்தார்கள். 2017-இல் படம் வந்தபோது அவர் மேலுதட்டைத்தான் உலகமே பார்த்தது. கோடி கோடியாகப் பணம் இருந்தும் அந்த நிலை.

அடுத்த வழி, நெட் தாடி. நடிகரின் முகத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, மேலே டேப் ஒட்டி, தாடி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மார்க்கரால் வரைந்து அளவெடுப்பார்கள். அந்த அளவுக்கு வலைத்துணியில் கொக்கி ஊசியால் ஒவ்வொரு முடியாக முடிச்சிடுவார்கள். நல்ல கைவேலை பல நாள் பிடிக்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும். வலையின் ஓரத்தில் முடி ஒற்றை ஒற்றையாக, இடைவெளி விட்டு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஓரத்திலேயே அடர்த்தியாக முடிந்திருந்தால் எத்தனை நன்றாக ஒட்டினாலும் அது ஒட்டிய தாடியாகவே தெரியும்.

நெட் தாடியின் பலம், அது எந்த நாளும் அதே தாடி. காலையில் மழித்த முகம், மாலையில் சிறைத்தாடி, மறுநாள் காலை மறுபடி மழித்த முகம். இயக்குநருக்கு இது பெரிய சுதந்திரம். பலவீனங்களும் உண்டு. சித்திரை வெயிலில் வியர்வை ஊறினால் ஸ்பிரிட் கம் என்ற ஒட்டுப் பசை இளகி, வாயோரம் முதலில் தூக்கும். சாப்பிடும் காட்சி, வாய்விட்டுச் சிரிக்கும் காட்சி என்றால் ஒவ்வொரு டேக்குக்கும் இடையில் ஓட வேண்டும். மருத்துவத் தரச் சிலிக்கான் பசை இன்னும் நன்றாகத் தாங்கும். ஆனால் அதைக் கழற்ற அதற்குரிய கரைப்பானும் பொறுமையும் வேண்டும். நாளின் முடிவில் வலையிலிருந்து பசையைக் கரைத்து எடுக்காவிட்டால் மறுநாள் ஓரம் வெள்ளை பூத்துவிடும். இருபது, இருபத்தைந்து முறை ஒட்டிக் கழற்றிய பிறகு வலை ஓரம் நைந்து போகும். நைந்ததை வெட்ட வெட்டத் தாடி கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துவிடும், கவனியுங்கள்! அதனால் இரண்டு தாடி செய்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதுதான் சிக்கனம். இரண்டில் எது எந்தக் காட்சிக்கு என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

மூன்றாவது வழி, முடியைத் தோல்மேலேயே கையால் ஒட்டுவது. கைதேர்ந்தவர் ஒட்டினால் ஓரம் நெட் தாடியைவிட அழகாக இருக்கும். ஆனால் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும்; நேற்று ஒட்டியதுபோல இன்று வராது. ஒட்டுகிறவர் காய்ச்சலில் படுத்துவிட்டால் தாடியும் படுத்துவிடும். ஒரே நாளில் எடுத்து முடிகிற காட்சிக்கு இது போதும். ஒரு வாரத் தாடிக்கு மட்டும் நான் இதற்கு விலக்குத் தருவேன்: பொடியாக நறுக்கிய முடியைப் பசைமேல் தூவி ஒட்டும்போது, எந்த முடி எங்கே என்று யாராலும் எண்ண முடியாது.

நம் 45 நாள் படத்துக்கு நான் சொல்வது இதுதான். முதல் ஷெட்யூலுக்குச் சொந்தத் தாடியை வளர்த்து வரச் சொல்லுங்கள். நெருக்கமான முகக் காட்சிகளையெல்லாம் அதில் எடுத்துவிடுங்கள். மழிப்பதற்கு முன்பே அந்தத் தாடியைப் பார்த்து ஒரு நெட் தாடி செய்து கையில் வைத்துக்கொள்ளுங்கள். கத்தரித்து விழுந்த முடியை எறியாமல் ஒரு சிறு கவரில் போட்டு, பெயரும் தேதியும் எழுதி வைத்துவிடுங்கள். நிறம் பார்க்க அதைவிட நல்ல மாதிரி கிடைக்காது. கன்னத்து முடி செம்பட்டை, மோவாய் முடி கறுப்பு, காதோரம் ஓரிரண்டு நரை என்று ஒரே தாடியில் மூன்று நிறம் இருப்பது அந்தக் கவரைப் பார்த்தால்தான் தெரியும்.

தலைமுடி

இங்கே தீர்ப்பு எளிது. நடிகரின் சொந்த முடியை அப்படியே பயன்படுத்த முடிந்தால் விக் வேண்டாம். வெட்டும் தேதியும் சாயத்தின் எண்ணும் குறித்துவைத்தால் பாதி வேலை முடிந்தது. ஒரே நாளில் இரண்டு வயது காட்ட வேண்டியிருந்தால் மட்டும் விக். செயற்கை இழை விக் வாரியபடியே நிற்கும். ஆனால் விளக்கு வெளிச்சத்தில் மின்னிக் காட்டிக்கொடுக்கும். மனிதமுடி விக் மின்னாது. ஆனால் கடற்கரைக் காற்றில் நம் முடியைப் போலவே சுருண்டு பறக்கும், மறுநாள் மறுபடி வார வேண்டும். திருப்பதியில் காணிக்கையாக விழுந்து ஏலத்தில் போகும் முடியும் உலகெங்கும் விக்குகளாகிறது. அது தரத்தில் உயர்ந்தது என்பதைத் தொட்டவுடன் விரல் சொல்லும்.

பெண்களின் தலைமுடியில் தொடர்ச்சி தவறுவது நீளத்தால் அல்ல, தோளால். அகலமான ஷாட்டில் பின்னல் முன்னால் கிடக்கும். முகத்தை நெருங்கி எடுக்கும்போது பின்னால் போயிருக்கும். வகிடு ஒரு விரல் நகர்ந்திருக்கும். ஷாட் தொடங்குமுன் மானிட்டரில் தோளைப் பார்ப்பது என் பழக்கம்.

காயமும் தழும்பும்

பழைய தழும்புக்குக் கொலோடியன் என்ற திரவம் உண்டு. தோலில் தடவினால் உலரும்போது சுருங்கி, பள்ளம் விழுந்த தழும்புபோல் ஆகும். மலிவு, ஐந்து நிமிட வேலை, பார்க்கவும் மிக நன்றாக இருக்கும். இரண்டு நாள் படத்துக்கு இதையே பரிந்துரைப்பேன். இருபது நாள் படத்துக்கு வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு நாளும் பள்ளம் வேறு விதமாக விழும். அதே இடத்தில் திரும்பத் திரும்பத் தடவினால் தோல் சிவந்து எரிய ஆரம்பிக்கும். நடிகரின் முகம் அவருடைய பிழைப்பு. அதில் நாம் விளையாடக் கூடாது.

மெழுகில் செய்யும் வெட்டுக்காயமும் அப்படியே. வெயிலில் இளகும், ஒவ்வொரு நாளும் புதிதாய்ச் செதுக்க வேண்டும்.

அச்சில் வார்த்தெடுக்கும் முறைகள்தான் தொடர்ச்சிக்கென்றே பிறந்தவை. கெட்டியான பசையைக் காயத்தின் வடிவ அச்சில் வார்த்து, தாளில் எடுத்து, குழந்தைகள் ஸ்டிக்கர் ஒட்டுவதுபோல் நீரால் நனைத்துத் தோலில் பதிப்பது ஒரு முறை. 2004-இல் வந்த ‘தி பேஷன் ஆஃப் தி கிரைஸ்ட்’ படத்தில் உடலெங்கும் தோன்றும் காயங்களுக்காகக் கிறிஸ்டியன் டின்ஸ்லி இதை வளர்த்தெடுத்தார். 2008-இல் ஆஸ்கார் அகாதமி இதற்குத் தொழில்நுட்ப விருது அளித்தது. ஒரு அச்சிலிருந்து வேண்டிய அளவு எடுக்கலாம், இன்றைக்கும் நாளைக்கும் வேறுபாடு இராது. பெரிய அளவில் முகத்தையே மாற்ற வேண்டுமென்றால் நுரை ரப்பர், சிலிக்கான் துண்டுகள். 1996-இல் வெளிவந்த ‘இந்தியன்’, ‘அவ்வை சண்முகி’ இரண்டிலும் கமல்ஹாசனுக்கு மைக்கேல் வெஸ்ட்மோர் செய்த ஒப்பனை இந்த வகை. இந்தத் துண்டுகளின் ஓரம் வெங்காயத் தோல்போல மெல்லியது, கழற்றும்போது கிழிந்துவிடும். இருபது நாளுக்கு இருபது துண்டு என்றே கணக்குப் போட வேண்டும். செலவைக் குறைக்கிறோம் என்று ஒரே துண்டை மூன்று நாள் ஒட்டவைத்த ஒரு தயாரிப்பில் நான் வேலை செய்திருக்கிறேன். மூன்றாம் நாள் ஓரத்தை மறைக்கப் பூசிய பூச்சு கன்னமே வீங்கியதுபோல் காட்டியது. மிச்சம் பிடித்ததைவிட இரண்டு மடங்கு மறுபடப்பிடிப்பில் போனது.

எதை ஒட்டினாலும், அதே இடத்தில் ஒட்ட வேண்டும். அதற்கு ஓ.எச்.பி. ஷீட் என்ற கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் தாள் ஒன்று போதும். நடிகரின் முகத்தின்மேல் வைத்து, கண்ணோரம், மூக்கு நுனி, வாயோரம் மூன்றையும் மார்க்கரால் குறித்துக்கொண்டு, காயம் இருக்கும் இடத்தில் துளை வெட்டிவிடுங்கள். மறுநாள் குறிகளைப் பொருத்தி, துளை வழியே பென்சிலால் ஒரு புள்ளி வைத்தால் காயம் நகராது.

காயம் மாறுவதும் தொடர்ச்சிதான். அடிபட்ட அன்று சிவப்பு, ஓரிரு நாளில் நீலமும் கத்தரிப்பூ நிறமும், ஒரு வாரத்தில் பச்சையும் மஞ்சளும், இரண்டு வாரத்தில் மறைவு. கதையில் பத்து நாள் கழிந்த பிறகும் கண்ணுக்குக் கீழே அதே நீலம் இருந்தால் அது தவறு.

பூ, பொட்டு, திருநீறு

இவை சின்னவை என்று விட்டுவிடுவார்கள். எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. காலை ஏழு மணிக்குத் தலையில் வைத்த மல்லிகை மொட்டு மாலைக்குள் மலர்ந்து, விளக்குச் சூட்டில் பழுப்பேறிவிடும். ஒரே காட்சிதான், ஒரு ஷாட்டில் மொட்டு, அடுத்த ஷாட்டில் வாடிய பூ. துணியால் செய்த மல்லிகை வாடாது. தூரத்தில் போதும், பக்கத்தில் போய் எடுத்தால் தெரியும். பக்கத்தில் எடுக்கும் ஷாட்டுக்கு அசல் பூவை ஈரத்துணியில் சுற்றிப் பனிப்பெட்டியில் வைத்து, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவேன். எத்தனை முழம், எத்தனை மடிப்பு, எந்தப் பக்கம் அதிகம் தொங்குகிறது என்று குறிப்பும் உண்டு.

பொட்டுக்கு, கதை அனுமதித்தால் ஸ்டிக்கர்தான். அட்டையில் அளவு எண் இருக்கிறது, அதைக் குறித்தால் போதும். குங்குமம் ஒவ்வொரு முறையும் விரல் அளவுக்கு மாறும். வேண்டுமென்றால் வட்டமாக வெட்டிய அட்டைத் துளை வழியே வைக்கலாம்.

திருநீற்றில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. குழைத்துப் பூசிய உடனே மங்கலாகத் தெரியும். உலர உலர வெண்மை ஏறும். பூசிய சூட்டோடு கேமரா முன்னால் அனுப்பினால், முதல் ஷாட்டில் மங்கலான பட்டை, மூன்றாம் ஷாட்டில் பளீரென்ற பட்டை. நன்றாக உலர விட்டுத்தான் அனுப்புவேன். சந்தனம் உலர்ந்தால் வெடிக்கும். நீண்ட காட்சிக்கு அதே நிறத்தில் ஒப்பனைப் பூச்சே மேல்.

வியர்வைக்கு வெறும் தண்ணீர் தெளித்தால் இரண்டு டேக்குக்குள் காய்ந்துவிடும். தண்ணீரோடு கிளிசரின் கலந்தால் துளி துளியாக நிற்கும்.

எதில் பதிவது

போலராய்டு கேமராவில் எடுத்து, படத்தின் வெள்ளை ஓரத்தில் காட்சி எண்ணை எழுதி, நோட்டில் ஒட்டிவைத்த காலம் ஒன்று இருந்தது. 2008-இல் அந்த நிறுவனம் உடனடிப் படச் சுருள் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. அதற்கு முன்பே டிஜிட்டல் கேமரா அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. இப்போது போட்டி மூன்றுக்குள்: கைபேசிப் படம், காகிதக் குறிப்பு, தொடர்ச்சிக்கென்றே வந்திருக்கும் செயலிகள். செயலி, குழு பெரியதாக இருந்து எல்லோரும் ஒழுங்காகப் பதிவேற்றினால் நல்லது. மலையடிவாரத்தில் சிக்னல் இல்லாத இடத்தில் அது கைகொடுக்காது. கைபேசி வேகமானது, ஆனால் மூன்று குழிகள் உண்டு.

ஒரு குழியில் நானே விழுந்தேன். என் உதவியாளர் கைபேசியின் முன்பக்கக் கேமராவில் நடிகரையே படம் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். அந்தக் கேமரா கண்ணாடிபோல் இடவலம் மாற்றிச் சேமித்தது. ஆறு வாரம் கழித்து அந்தப் படத்தைப் பார்த்து, இடப்புருவத்தில் இருக்க வேண்டிய வெட்டுக்காயத்தை வலப்புருவத்தில் ஒட்டினேன். நல்ல வேளையாக, இரண்டு ஷாட் எடுத்த பிறகு உதவி இயக்குநர் ஒருவர், சட்டைப் பொத்தான் வரிசை அந்தப் படத்தில் தலைகீழாக இருப்பதைக் கண்டு நிறுத்தினார். அன்றிலிருந்து பின்பக்கக் கேமராதான். படத்துக்குள் காட்சி எண், கதைநாள், உடை எண் எழுதிய சிலேட்டு இருக்க வேண்டும். எழுத்து நேராகத் தெரிந்தால் படமும் நேர். குறிப்பில் ‘இடது’ என்றால் அது நடிகரின் இடது, பார்ப்பவரின் இடது அல்ல.

இரண்டாவது குழி வாட்ஸ்அப். அதில் வழக்கம்போல அனுப்பினால் படம் சுருங்கி நுணுக்கம் போய்விடும்; எடுத்த நேரமும் படத்தோடு வராது. மூன்றாவது, படங்கள் எல்லாம் ஒருவர் கைபேசியிலேயே இருப்பது. அவர் பாதிப் படத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டால் நாயகனின் முகமும் அவரோடு போய்விடும்.

அதனால் கைபேசியையும் காகிதத்தையும் சேர்த்தே வைத்துக்கொள்வேன். கண்ணால் காண்பதற்குப் படம். படத்தில் தெரியாதவற்றுக்குக் காகிதம்: பூச்சின் எண், டிரிம்மர் சீப்பு, பசையின் பெயர், எத்தனை முறை தூவியது, எந்த வரிசையில் பூசியது. முன், பின், இரண்டு பக்கம், காயத்தின் அருகே என்று ஐந்து படம். காட்சி தொடங்கும்போது ஒரு முறை, முடியும்போது ஒரு முறை. முடிவில் எடுக்கும் படத்தைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். அடுத்த காட்சி அங்கிருந்துதானே தொடங்கப்போகிறது?

மேடை

மேடையில் இந்தக் கணக்குகள் மாறிவிடுகின்றன. காட்சிகள் வரிசையாகவே நடக்கின்றன; நேற்றைய நாடகமும் இன்றைய நாடகமும் ஒன்றுபோல் இருப்பதுதான் அங்கே தொடர்ச்சி. பத்தாவது வரிசையில் இருப்பவருக்கு வலையின் ஓரம் தெரியாது. அதனால் நெட் தாடியும் விக்கும் தயக்கமில்லாமல் ஜெயிக்கும். காயத்தை வார்க்க வேண்டாம், வரைந்தால் போதும். பெரும்பாலான குழுக்களில் நடிகர்களே அரிதாரம் பூசிக்கொள்வதால், முகத்தின் கோட்டோவியத்தில் எந்தக் கோடு எந்த நிறம் என்று குறித்து, கண்ணாடியின் அருகே ஒட்டிவைப்பது புகைப்படத்தைவிடப் பயன்படுகிறது. புகைப்படம் முடிந்த முகத்தைக் காட்டும். கோட்டோவியம் செய்முறையைக் காட்டும். இரண்டு நிமிடத்தில் தாடி மாற வேண்டுமென்றால் பசை வேண்டாம், இருபக்க டேப். ஒத்திகையிலேயே, வியர்த்த முகத்தில், கடிகாரம் வைத்துப் பழகிவிடுங்கள்.

சினிமாவுக்குத் திரும்புகிறேன். படம் முடிந்த அன்று, அந்தக் கதாபாத்திரத்துக்கென்று ஒரு பெட்டி கட்டுவேன். இரண்டு நெட் தாடியும், கத்தரித்த முடியின் கவரும், துளை வெட்டிய ஓ.எச்.பி. ஷீட்டும், மிச்சமிருக்கும் காயத் தாள்களும், பயன்படுத்திய பூச்சின் டப்பாவும், குறிப்புத் தாள்களின் நகலும், படங்கள் நிறைந்த பென் டிரைவும் அதில் இருக்கும். மூல நகல் தயாரிப்பு அலுவலகத்துக்கு. கடந்த ஐப்பசியில் ஒரு பேட்ச் ஒர்க்குக்கு அழைத்தார்கள். நான் அப்போது வேறு ஊரில் இருந்தேன். பெட்டியை மட்டும் பஸ்ஸில் அனுப்பினேன். என்னைப் பார்த்தே இராத ஓர் ஒப்பனையாளர் அதைத் திறந்து, தாளைப் படித்து, ஒன்றரை மணி நேரத்தில் நடிகரைத் தயார் செய்து, ஐந்து படங்களை எனக்கு அனுப்பினார். ஜனவரிப் படத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். காதோரத்து நரைகூட அதே இடத்தில் இருந்தது.